கடற்கரை எண்ணிய கட்டைகள்

கடற்கரை அண்ணாச்சியிடம் தூரம் கேட்டால் மைலில் சொல்ல மாட்டார். "டீக்கடையா? இங்கனயிருந்து நூத்திப்பத்து கட்டை" என்பார். தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கும் மரக்கட்டைதான் அவருக்கு அளவு. இருபத்தாறு வருஷம் அதன்மேல் நடந்தவர். ஓர் எட்டுக்கு ஒரு கட்டையாக மிதித்து மிதித்து, ரோட்டில் போனாலும் அவருடைய கால் அதே குட்டை எட்டுதான் வைக்கும். பையன்கள் பின்னாலேயே அப்படி நடந்து காட்டுவார்கள். அவர் திரும்பிப் பார்க்க மாட்டார். திரும்பிப் பார்க்கிற அளவுக்கு உடம்பில் தெம்பு மிச்சம் இருந்ததில்லை.

கோவில்பட்டிக்கும் மணியாச்சிக்கும் நடுவில் உள்ள ஒரு சின்ன ஸ்டேஷனில் அவர் கீமேன். விடியுமுன் நீளக் காம்புச் சுத்தியலைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பி, நாலு மைல் போய் நாலு மைல் திரும்ப வேண்டும். தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் இரும்பு ஆப்பு தளர்ந்திருந்தால் அடித்து இறுக்க வேண்டும். அவர் பையில் ரயில் பட்டாசு நான்கு எப்போதும் இருக்கும். தகரச் சிமிழ் மாதிரி ஒரு வெடி அது. பனி மூடி, சிக்னல் கைகாட்டி தெரியாத நாளில், கைகாட்டிக்கு வெகு முன்னாலேயே அதைத் தண்டவாளத்தில் கட்டிவிட வேண்டும். எஞ்சின் ஏறினால் வெடிக்கும். டிரைவர் வேகத்தைக் குறைப்பார்.

கரிசக்காட்டில் அப்படிப்பட்ட பனி அபூர்வம். பட்டாசு வைக்கலாமா வேண்டாமா என்று பார்க்க ஸ்டேஷனில் ஒரு வழி உண்டு. பிளாட்பாரத்திலிருந்து இருநூறு கெஜ தூரத்தில் வெள்ளையடித்த கம்பம் ஒன்று நட்டிருக்கிறது. ஸ்டேஷன் மாஸ்டர் வெளியே வந்து பார்ப்பார். கம்பம் தெரிந்தால் பனி இல்லை, தெரியாவிட்டால் பட்டாசு. இருபத்தாறு வருஷத்தில் அண்ணாச்சி ஒன்பது தடவைதான் பட்டாசு கட்டியிருக்கிறார்.

நான் அவருக்கு எதிர்வீடு. எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு, கண்ட இடத்துக்கெல்லாம் வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டு இருந்த வருஷம் அது. அண்ணாச்சிக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். அவருக்கு வந்த காகிதத்தைப் படித்துச் சொன்னதும், பதில் எழுதியதும் நான்தான். அதனால் நடந்ததை நடந்தபடி எழுத முடிகிறது.

அண்ணாச்சிக்குச் சொர்ணத்தாய் என்று ஒரே மகள். அவளுடைய புருஷன் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வேலைக்குப் போனவன் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். தாயும் இல்லாத வீடு. அவள் அழுதுகொண்டு உட்காரவில்லை. காட்டு உடைமரத்தை ஏலத்தில் எடுத்து வெட்டி, கரி மூட்டம் போட ஆரம்பித்தாள். விறகை வட்டமாக அடுக்கி, மேலே தழை பரப்பி, சேறு குழைத்துப் பூசி, உள்ளே தீ வைத்துவிட்டால் ஆறேழு நாள் எரியாமல் புகைந்துகொண்டே இருக்கும். காற்று போக அடியில் ஓட்டைகள் உண்டு. அவற்றைத் திறப்பதிலும் அடைப்பதிலும்தான் தொழிலே இருக்கிறது. காற்று கூடிப்போனால் உள்ளே தீப்பிடித்து எல்லாம் சாம்பல். குறைந்துபோனால் விறகு விறகாகவே கிடக்கும். ஆறேழு நாளும் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூட்டத்துக்கு இடம் பார்த்துக் கொடுத்தது அண்ணாச்சி. ரயில் பாதை ஓர் ஓடையைத் தாண்டும் இடத்தில், ஸ்டேஷனுக்கு வெளியே நிற்கும் அவுட்டர் கைகாட்டிக்குக் கிட்டே, பள்ளத்தில் கொஞ்சம் புறம்போக்கு கிடந்தது. பள்ளம் என்பதால் காற்று அடிக்காது. ஓடையில் தண்ணீர் கிடக்கும். காலையில் அவர் நடந்து போகிற வழியும் அதுதான். மகள் கையால் ஒரு செம்பு கூழ் குடித்துவிட்டுப் போகலாம். இவ்வளவு தோதான இடம் வேறு இல்லை என்று அவர் நினைத்ததில் தப்பில்லை. ஆனால் காற்று அடிக்காத பள்ளத்தில்தான் பனியும் வந்து தேங்கும். அது அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

1961 கார்த்திகையில் மழை விடாமல் பெய்தது. மார்கழி பிறந்த பிறகும் கரிசல் மண் ஈரம் காயாமல் கிடந்தது. ராத்திரி மேகம் கலைந்து குளிர் இறங்கினால், விடியும்போது பள்ளமெல்லாம் வெள்ளையாக இருக்கும்.

அந்த நாள் காலை ஐந்தே காலுக்கு அண்ணாச்சி ஓடைக்கு வந்தார். பனி இருந்தது. ஆனாலும் கைகாட்டி விளக்கு தெரிந்தது. மூட்டத்துப் பக்கத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தாள் சொர்ணத்தாய். மூன்று ராத்திரி தூங்காத கண்.

"எப்பா, அடி ஓட்டை ரெண்டையும் திறக்கணும். உள்ள மந்தமா இருக்கு."

"நீ செத்த சாயி தாயி. நான் திறந்து விட்டுட்டுப் போறேன்."

அவள் அப்படியே சரிந்து தூங்கிவிட்டாள். அவர் சுத்தியல் காம்பால் சேற்றைத் தட்டி இரண்டு ஓட்டையையும் திறந்துவிட்டு, துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு நடந்தார். ஸ்டேஷன் மேட்டில் இருக்கிறது. மாஸ்டர் வன்னியபெருமாள் வெளியே வந்து பார்த்தபோது வெள்ளைக் கம்பம் தெளிவாகத் தெரிந்தது. பட்டாசு வைக்கச் சொல்லவில்லை.

ஆறு பத்துக்கு மணியாச்சிப் பக்கமிருந்து பாசஞ்சர் வந்தது. ஸ்டேஷனில் ஒரு கூட்ஸ் வண்டி நின்றதால் அவுட்டர் கைகாட்டியின் கை இறங்கவில்லை. பாசஞ்சர் வெளியிலேயே நின்றிருக்க வேண்டும். நிற்காமல் வந்தது. மேடேறிப் பனியை விட்டு வெளியே வந்ததும் கூட்ஸின் கடைசிப் பெட்டியைப் பார்த்து டிரைவர் பிரேக் போட்டார். மெதுவாகத்தான் மோதியது. கடைசிப் பெட்டி நசுங்கியது. ஏழெட்டுப் பேருக்கு நெற்றி வீக்கம், ஒருவருக்குக் கை முறிவு. உயிர்ச்சேதம் இல்லை.

டிரைவர் கோவில்பட்டிக்காரர், முகம்மது இஸ்மாயில். அன்றைக்கே அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். கைகாட்டி தெரியவில்லை என்றார் அவர். மாஸ்டரோ கம்பம் தெரிந்தது என்றார். அப்படியானால் டிரைவர் கண்ணில்தான் கோளாறு என்று பேச்சு வந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கண் பரிசோதனைக்குப் போகச் சொன்னார்கள். கண் சரியில்லை என்று எழுதிவிட்டால் பிறகு எஞ்சின் ஏற முடியாது. சரியாக இருக்கிறது என்று எழுதினால் இன்னும் மோசம். கைகாட்டியைப் பார்த்தும் மதிக்காமல் ஓட்டினார் என்றாகிவிடும்.

அண்ணாச்சிக்கும் ஒரு காகிதம் வந்தது. குற்றச்சாட்டு இல்லை, விளக்கம்தான் கேட்டிருந்தார்கள். நீ அந்த வழியாகப் போனபோது பனி எப்படி இருந்தது, பத்து நாளுக்குள் எழுது என்று.

"லேசான பனி இருந்துச்சு, கைகாட்டி தெரிஞ்சுதுன்னு எழுது. அவ்வளவு போதும்" என்றார்.

எழுதினேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. அவர் கையெழுத்தும் போட்டார்.

மறுநாள் சாயங்காலம் இஸ்மாயில் பாய் அவர் வீடு தேடி வந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் வாசல்படியில் உட்கார்ந்து செருப்பில் ஒட்டிய கரிசல் மண்ணைக் குச்சியால் சுரண்டிக்கொண்டே பேசினார்.

"அண்ணாச்சி, உங்களைக் குத்தம் சொல்ல வரல. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு நீங்க அந்தப் பக்கம் போனீங்கள்லா? கைகாட்டி தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது பாய்."

அவர் குச்சியைக் கீழே போட்டார்.

"அப்ப என் கண்ணுதான் போலருக்கு. இப்ப தெருவுல போனா கடைப் போர்டு எல்லாத்தையும் படிச்சுப் படிச்சுப் பாக்குதேன். பொடி எழுத்துகூடத் தெரியுது. எம் பொஞ்சாதி தௌலத் பேகம் சிரிக்கா, கிறுக்குப் பிடிச்சிருக்குங்கா. ஆனா அன்னைக்குச் சுண்ணாம்புச் சுவருக்குள்ள எஞ்சினை ஓட்டுத மாதிரி இருந்துச்சு அண்ணாச்சி. அப்படி ஒரு பனியை நான் பாத்ததில்ல. எல்லாரும் அங்க பனியே இல்லங்காக. நான் என்ன சொல்ல?"

அண்ணாச்சி காப்பி வாங்கி வரச் சொன்னார். பாய் வேண்டாம் என்று எழுந்து போய்விட்டார்.

அவர் தலை மறைந்ததும் அண்ணாச்சி என்னைப் பார்த்து, "அந்தக் காகிதத்தைத் தபால்ல போட்டுட்டியா?" என்றார். போடவில்லை. "போடாத" என்றார்.

ஓட்டை திறந்ததை அவர் மறந்திருக்கவில்லை. ஆனால் நாலு கெஜம் அகலத்துக்கு ஒரு கரி மூட்டம், அதன் புகை ரயிலை மறைக்குமா என்பது அவருக்கு நிச்சயம் இல்லை. எஞ்சினே அதைவிட அதிகமாகப் புகை விடுகிறது. அதனால் கட்டைகளை எண்ணிப் பார்த்தார்.

நாலு நாள் கழித்து மறுபடியும் பனி விழுந்தது. சொர்ணத்தாய் புது மூட்டம் போட்டிருந்தாள். பாசஞ்சர் போகும்வரை ஓட்டைகளைத் திறக்கவே கூடாது என்று சொல்லிவைத்தார். வண்டி போன பிறகு, அடுத்த வண்டிக்கு இரண்டு மணி நேரம் இருக்கும்போது, கைகாட்டிக்கு அடியிலிருந்து கட்டைகளை எண்ணிக்கொண்டே நடந்தார். திரும்பித் திரும்பிக் கைகாட்டியின் சிவப்புக் கையைப் பார்த்தார். இருநூற்றி அறுபதாவது கட்டையில் அது மறைந்தது. அதற்குள் மீசையும் தலைத்துண்டும் நனைந்து சொட்டின.

"ஏட்டி, திற!" என்று கத்தினார்.

கால் மணி நேரத்தில் புகை பள்ளம் முழுக்கப் பரவியது. மறுபடி எண்ணினார். ஐம்பத்தெட்டாவது கட்டையிலேயே கைகாட்டி போய்விட்டது. அதே காலை, அதே பனி. துண்டைப் பிழிந்துவிட்டுத் தலையில் கட்டியிருந்தார். இந்தத் தடவை அது அவ்வளவு நனையவில்லை. பனியில் தண்ணீர் கம்மியாக இருப்பது மாதிரி இருக்கிறது, ஆனால் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. அதுதான் அவரைக் குழப்பியது.

அன்று மத்தியானம் வெயிலில், அதே மூட்டம் அதே மாதிரி புகைந்துகொண்டிருந்தபோது மூன்றாவது தடவை எண்ணினார். ஐந்நூறு வரைக்கும் கைகாட்டி தெரிந்தது. கால் வலியில் எண்ணுவதை விட்டுவிட்டார்.

அன்று சாயங்காலம் ஓடைப் பக்கம் போனேன். அண்ணாச்சி காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். சொர்ணத்தாய் கஞ்சிக்குக் கம்பைச் சொளகில் போட்டுப் புடைத்துக்கொண்டிருந்தாள். மூன்று கணக்கையும் சொல்லி, "புகை மட்டும் இருந்தா மறைக்கல. பனி மட்டும் இருந்தாலும் மறைக்கல. ரெண்டும் சேந்தா ஏம்லே இப்படி? நீதான் படிச்சவனாச்சே" என்றார்.

பாடப்புத்தகத்தில் படித்ததை நினைவுபடுத்திச் சொன்னேன். காற்றில் இருக்கும் ஈரம் சும்மா துளியாகாது. உட்கார ஒரு தூசு வேண்டும், ஒரு பொடி வேண்டும். பொடி கொஞ்சமாக இருந்தால் கொஞ்சம் துளிதான். ஒவ்வொன்றும் பெரிதாக இருக்கும். புகை வந்தால் கோடிக்கணக்கில் பொடி வருகிறது. இருக்கிற அதே தண்ணீரை அவ்வளவும் பங்கு போட்டுக்கொள்ளும். துளி ரொம்பச் சின்னதாகி எண்ணிக்கை கூடிப்போகும். பெரிய துளி துண்டில் வந்து மோதி ஒட்டும். சின்னத் துளி காற்றோடு சேர்ந்து துண்டைச் சுற்றிப் போய்விடும்.

"தண்ணி அதேதான்னு சொல்லுத. பெறகு எப்படி மறைக்கும்?" என்றார் அண்ணாச்சி.

சொர்ணத்தாய்தான் சொளகை நிறுத்தாமல் சொன்னாள்:

"இதுல என்ன இருக்கு? ஒரு கை கம்பை மேல எறி. அந்தப் பக்கம் நிக்க ஆளு தெரியும். அதே ஒரு கை கம்பைத் திரிச்சு மாவாக்கி எறி. மூஞ்சி தெரியுதான்னு பாரு."

அண்ணாச்சி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நாந்தான் திரிச்சு எறிஞ்சிருக்கேன்" என்றார்.

சொளகு நின்றது. அவர் எந்தப் பக்கம் போகிறார் என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

"எப்பா, நீ பேசாம இருந்தா உன்ன யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. மாஸ்டருக்குக் கம்பம் தெரிஞ்சுது. உனக்குக் கைகாட்டி தெரிஞ்சுது. போதும்லா?"

"பாய் கண்ணு நல்லாத்தான் இருக்கு தாயி."

"இருக்கட்டும். மூட்டத்தைக் கலைன்னு நாளைக்கே வந்து நிப்பாங்களே, அப்ப நான் எங்க போவேன்? மேட்டுல போட்டா காத்துல எரிஞ்சு போகும். தண்ணிக்கு எங்க போக? நீ தூங்குன்னு சொல்லி ஓட்டையத் திறக்க உன்ன யாரு கேட்டா?"

"நீ கேக்கல. நானாத்தான் திறந்தேன்."

அவள் பானையை எடுத்துக்கொண்டு ஓடைக்குள் இறங்கிப் போனாள். வெகுநேரம் வரவில்லை. நான் எழுந்து கிளம்பும்போது திரும்பி வந்தாள். முகம் கழுவியிருந்தாள்.

"அந்தப் பாய்க்கு எத்தன பிள்ளைய?"

"நான் கேக்கல தாயி."

"கேட்டிருந்தா இன்னும் சீக்கிரமே எழுதியிருப்ப." என் பக்கம் திரும்பினாள். "எழுது தம்பி. ஆனா ஓட்டையத் திறந்தது நான்னு எழுது. வேலை நேரத்துல வண்டிப்பாதைய விட்டு எறங்கி மகளுக்குக் கரி மூட்டம் பாத்தாகன்னு தெரிஞ்சா இவிய வேலை போயிரும். என்னைய ரயில்வேக்காரன் என்ன செய்வான்? மூட்டத்தைத்தான் கலைப்பான். அது எப்படியும் கலையப் போகுது."

அது நல்ல யோசனை என்றுதான் எனக்குப் பட்டது, அவரிடமும் சொன்னேன். அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டார்.

"நீ தூங்கிட்டுல்லா இருந்த" என்றார்.

அவள் எவ்வளவோ ஏசினாள். பிடிவாதக்காரக் கிழவன் என்றாள், தாயைச் சாகக் கொடுத்தவன் என்றாள், இந்த வயசில் யார் வீட்டு மாடு மேய்க்கப் போகிறாய் என்றாள். அந்த வழக்கு அன்றைக்கு முடியவில்லை. மறுநாள் காலை வேலைக்குக் கிளம்புமுன் என் வீட்டுக் கதவைத் தட்டி, "நான் திறந்தேன்னே எழுது. கட்டைக் கணக்கு மூணையும் எழுது" என்றார். பழைய காகிதத்தைக் கிழித்துவிட்டு எழுதினேன்.

விசாரணைக்கு ஓர் அதிகாரி தனிப் பெட்டியில் வந்து, ஸ்டேஷன் ஓரத்தில் இரண்டு நாள் தங்கினார். மாஸ்டர் அறையில் விசாரணை நடந்தது. நானும் இன்னும் சிலரும் ஜன்னலுக்கு வெளியே நின்றோம்.

"கரிப்புகைதான் காரணம் என்றால் எஞ்சின் புகைக்குத் தினம் தினம் மோதியிருக்க வேண்டுமே?" என்றார் அதிகாரி.

"அது ஓடிக்கிட்டே விடுத புகை, மேல போயிருது ஐயா. இது பள்ளத்துல படுத்துக்கிடும். பனியும் அங்கனதான் படுக்கும்" என்றார் அண்ணாச்சி. பிறகு கம்பு, மாவு இரண்டையும் சொன்னார்.

அதிகாரி சிரித்தார். மாஸ்டர் வன்னியபெருமாளும் அவரைப் பார்த்துச் சிரித்தார். ஆனால் அதிகாரி அதை எழுதிக்கொண்டார். மறுநாள் விடியற்காலை, எந்த வண்டியும் வராத நேரமாகப் பார்த்து, பூட்ஸ் காலோடு ஓடைக்கு நடந்து வந்தார். அன்று பனி கொஞ்சம் குறைவு. அவர் இங்கிலீஷில் எண்ணினார், அண்ணாச்சி தமிழில் எண்ணினார். ஓட்டை திறக்குமுன் அதிகாரிக்கு முந்நூற்றி எட்டு, அண்ணாச்சிக்கு முந்நூற்றிப் பதினொன்று. திறந்த பிறகு இரண்டு பேருக்கும் தொண்ணூற்றி நாலு. சொர்ணத்தாய் எதிரிலேயே நின்று, கையைக் கட்டிக்கொண்டு இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஓட்டையைத் திறந்தது அதிகாரி சொல்லித்தான்.

தை கடைசியில் உத்தரவு வந்தது. இஸ்மாயில் பாய் மறுபடி எஞ்சின் ஏறினார். வேலை நேரத்தில் சொந்த வேலை பார்த்ததற்காக அண்ணாச்சியைக் கீமேனிலிருந்து இறக்கி, தண்டவாளத்துக்குச் சல்லி கொத்தும் சாதாரண கேங் ஆளாக்கினார்கள். இரண்டு வருஷத்துக்குச் சம்பள உயர்வு கிடையாது. வேலை போகவில்லை. நிஜத்தைச் சொன்னதற்காக அதை விட்டுவைத்திருப்பதாகக் காகிதத்தில் இருந்தது. பாதைக்கு அரை மைல் தூரத்துக்குள் யாரும் மூட்டம் போடக் கூடாது என்று தனியாக ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள்.

சொர்ணத்தாய் அப்பனோடு பதினெட்டு நாள் பேசவில்லை. கஞ்சி மட்டும் ஊற்றி வைத்தாள். பிறகு மூட்டத்தைக் கிழக்கே மேட்டுக்கு மாற்றினாள். முதல் மூட்டம் மூன்றாம் நாளே காற்றில் வெடிப்பு விட்டுத் தீப்பிடித்துப் பாதி சாம்பலாகிவிட்டது. இரண்டாவதுக்கு இரண்டு பக்கமும் பனையோலைத் தட்டி கட்டினாள். சேறு காய்ந்து வெடிக்காமல் இருக்கப் பொழுதுக்கும் தண்ணீர் தெளிக்க வேண்டியிருந்தது. ஓடையிலிருந்து மேட்டுக்கு அரை மைலுக்கு மேல்.

பங்குனி வெயிலில் ஒருநாள் அந்தப் பக்கம் போனேன். கேங் வேலை முடிந்து வந்த அண்ணாச்சி காவடிக் கம்பில் இரண்டு பக்கமும் குடம் கட்டித் தூக்கி மேடேறிக்கொண்டிருந்தார். பகல் முழுக்கச் சல்லி வெட்டிய கை, காப்புக் காய்த்து ரத்தம் கட்டியிருந்தது. குடத்தை இறக்கிவிட்டுத் தட்டி நிழலில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் கண் மூடிக்கொண்டது.

"அண்ணாச்சி, பேசாம இருந்திருக்கலாம்னு தோணுதா?" என்று கேட்டேன்.

கண்ணைத் திறக்காமலே, "தோணுது. மேடு ஏறும்போதெல்லாம் தோணுது" என்றார்.

மூட்டத்துக்கு அந்தப் பக்கமிருந்து சொர்ணத்தாயின் சத்தம் கேட்டது.

"எப்பா, இந்தப் பக்கம் வெடிப்பு விடுது. இன்னும் ரெண்டு குடம் வேணும்."

அவர் ஒரு கையைத் தரையில் ஊன்றி எழுந்தார்.